விலை வரைபடத்தின் வரலாறு: அரிசிச் சந்தையிலிருந்து பங்குச்சந்தை வரை

விலை வரைபடம் என்பது ஒரு பொருளோ பங்கோ குறிப்பிட்ட காலத்தில் என்னென்ன விலைக்குக் கைமாறியது என்பதைக் கோடுகளாகவோ கட்டங்களாகவோ காட்டும் படமாகும். பங்குச்சந்தையில் வணிகம் செய்யக் கற்றுக்கொள்பவருக்கு முதல் பாடமாகச் சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் இதுவே. பச்சையும் சிவப்புமாக வரிசையில் நிற்கும் சிறு கட்டங்களை மெழுகுவர்த்தி வரைபடம் என்றும், கேண்டில்ஸ்டிக் என்றும் அழைக்கின்றனர்.

இந்தக் கட்டங்களைப் பற்றிப் புதியவர்களுக்கு இரண்டு செய்திகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. முதலாவது, 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய அரிசி வணிகர் ஒருவர் இவற்றைக் கண்டுபிடித்துப் பெருஞ்செல்வம் சேர்த்தார் என்பது. இரண்டாவது, இவற்றை வாசிக்கத் தெரிந்தவருக்கு நாளைய விலை தெரியும் என்பது. முதல் செய்தியில் பாதி கதை. இரண்டாவது செய்தி ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகச் சோதிக்கப்பட்டு வருகிறது, முடிவுகளும் அச்சில் உள்ளன. வரைபடத்தின் ஒவ்வொரு கோடும் எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று பார்த்தால், அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது ஓரளவு விளங்கும்.

தோஜிமா அரிசிச் சந்தை

தொக்குகாவா ஆட்சிக்கால ஜப்பானில் அரிசி உணவாக மட்டும் இருக்கவில்லை. நிலப்பிரபுக்களின் வருவாய் அரிசியில் கணக்கிடப்பட்டது. சாமுராய்களின் ஊதியமும் அரிசியாகவே அளக்கப்பட்டது. ஆனால் துணிக்கும் வாளுக்கும் வீட்டுச் செலவுக்கும் காசு வேண்டும். எனவே பிரபுக்கள் தங்கள் நாட்டு அரிசியை ஒசாக்கா நகரில் கட்டியிருந்த கிடங்குகளுக்கு அனுப்பி, அங்கே விற்றுப் பணமாக்கினர். இதனால் ஒசாக்காவை நாட்டின் சமையலறை என்று அழைப்பதுண்டு.

தொடக்கத்தில் இந்த விற்பனை கித்தஹாமா என்னும் பகுதியில், யோதொயா என்ற பெருவணிகக் குடும்பத்தின் வீட்டு வாசலிலேயே நடந்தது. 1697இல் சந்தை ஆற்றைக் கடந்து தோஜிமாவுக்கு இடம்பெயர்ந்தது. 1705இல் யோதொயா குடும்பத்தின் சொத்து முழுவதையும் அரசு பறிமுதல் செய்தது. வணிகர் ஒருவர் தம் நிலைக்கு மீறிய ஆடம்பரத்தில் வாழ்கிறார் என்பது சொல்லப்பட்ட காரணம். பல பிரபுக்கள் அக்குடும்பத்திடம் பெருங்கடன் பட்டிருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தோஜிமாவில் அரிசி மூட்டைகள் நேரில் கைமாறுவது குறைந்து, கிடங்குச் சீட்டுகள் கைமாறத் தொடங்கின. சீட்டை வைத்திருப்பவர் கிடங்கில் காட்டி அரிசியைப் பெற்றுக்கொள்ளலாம், அல்லது சீட்டையே வேறொருவருக்கு விற்றுவிடலாம். இதற்கு அடுத்த படியாக, சீட்டும் இல்லாமல், வருங்கால அரிசி விலையைக் கணக்கேட்டில் மட்டும் பதிந்து நடக்கும் வணிகம் வளர்ந்தது. தவணை முடிவில் விலை வேறுபாட்டை மட்டும் பணமாகத் தீர்த்துக்கொள்வார்கள். இன்று பியூச்சர்ஸ் என்று வழங்கும் முன்பேர வணிகத்தின் முழுமையான தொடக்க வடிவங்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

அரசு இதை நெடுங்காலம் சூதாட்டமாகவே பார்த்துத் தடை விதித்து வந்தது. பிறகு 1720களில் அரிசி விலை வீழ்ந்தது. அரிசியையே ஊதியமாகப் பெற்ற சாமுராய்களின் வாழ்க்கை தள்ளாடியது. ஷோகன் யொஷிமுனே, விலைக்குத் தாங்கல் கிடைக்கும் என்ற எண்ணத்தில், 1730இல் தோஜிமா சந்தைக்கு முறையான ஒப்புதல் அளித்தார். சூதாட்டம் என்று நேற்றுவரை தண்டிக்கப்பட்ட செயல் நாட்டின் நிதிக்கருவியாக மாறியதற்கு வேறு எந்தத் தத்துவமும் காரணமில்லை, விலைச் சரிவே காரணம்.

இந்தச் சந்தையின் அன்றாட நடைமுறையில்தான் பிற்கால வரைபடத்திற்கான மூலப்பொருள் உள்ளது. சந்தை காலையில் குறித்த நேரத்தில் திறந்து, பிற்பகலில் குறித்த நேரத்தில் முடிய வேண்டும். முடிவு நேரத்தை அறிவிக்க ஒரு பெட்டியில் திரிக்கயிற்றைக் கொளுத்தித் தொங்கவிடுவார்கள். திரி அணையும்போது நிலவிய விலையே அன்றைய முடிவு விலை, அதற்குத் திரி விலை என்றே பெயர். அதன் பிறகும் கலையாமல் கூவிக்கொண்டிருக்கும் வணிகர்கள்மீது தண்ணீரை வாரி இறைத்துக் கலைப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். கணக்குத் தீர்ப்பதற்கு அனைவரும் ஒப்புக்கொண்ட ஒற்றை விலை தேவை. வணிகர் ஒவ்வொருவரும் தத்தம் கடைசி விலையைச் சொன்னால் கணக்கு ஒருநாளும் தீராது.

விலைச் செய்தியைத் தொலைவுக்கு அனுப்புவது அடுத்த சிக்கல். ஒசாக்கா விலையை வைத்தே பிற ஊர்களில் அரிசி விற்றது. அஞ்சல் ஓட்டக்காரர்கள் செய்தி கொண்டு போனார்கள். அதைவிட விரைவாக, குன்றுகளின் உச்சியில் ஆட்கள் நின்று கொடி அசைத்து, அடுத்த குன்றில் நிற்பவருக்கு விலையை எண்களாகக் கடத்தும் முறையும் ஏற்பட்டது. தொலைபேசி பரவும்வரை இது நீடித்தது. கொடியசைவில் அனுப்பக்கூடியது சில எண்களை மட்டுமே. சந்தையில் இருந்த பதற்றம், வதந்தி, மழைச் செய்தி எல்லாம் கழிந்துபோய், விலை ஒன்று மட்டும் மலை தாண்டிச் சென்றது. தொலைவில் இருந்தவர் அந்த எண்ணைக் கொண்டு மற்றவற்றை ஊகிக்க வேண்டியிருந்தது. இன்று வரைபடத்தைப் பார்த்துச் செய்யப்படுவதும் இதே ஊகம்தான்.

ஹோன்மா முனேஹிசா

ஜப்பானின் வடமேற்குக் கடற்கரையில் உள்ள சகாடா அரிசி ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற துறைமுகம். அங்கே பெருநிலம் வைத்திருந்த வணிகக் குடும்பத்தில் 1724இல் பிறந்தவர் ஹோன்மா முனேஹிசா. ஒசாக்காவிலும் எதோவிலும் அரிசி வணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டியவர், 1803இல் மறைந்தார். அவர் பெயரில் வழங்கும் குறிப்புகள் பல உண்டு. விளைச்சலையும் வானிலையையும் கவனிப்பதோடு, சந்தையில் உள்ளவர்களின் மனநிலையையும் கவனிக்க வேண்டும் என்பது அவற்றின் மையக் கருத்து. எல்லாரும் விலை இறங்கும் என்று நம்பி ஓய்ந்திருக்கும்போதே ஏற்றத்துக்கான காரணம் உருவாகும் என்ற எண்ணமும் அவற்றில் காணப்படுகிறது.

இணையத்தில் உள்ள பாடங்கள் பலவும் இவரையே மெழுகுவர்த்தி வரைபடத்தின் தந்தை என்று எழுதுகின்றன. இதற்கு உறுதியான சான்று இல்லை. இந்த வரைபடத்தை 1991இல் ஆங்கில நூலாக எழுதி மேற்குலகுக்கு அறிமுகம் செய்தவர் அமெரிக்கரான ஸ்டீவ் நிசன். ஹோன்மா காலத்தில் இவ்வடிவம் இருந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி ஆட்சியின் தொடக்கத்தில் உருவாகியிருக்கக்கூடும் என்றும் அவரே பின்னர் எழுதினார். டோக்கியோவிலும் ஒசாக்காவிலும் பங்குச்சந்தைகள் தொடங்கப்பட்ட ஆண்டு 1878. ஒரே நாளின் பல விலைகளைக் கட்டமாகத் தொகுக்கும் தேவை அக்காலத்தில் எழுந்திருப்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

சந்தை உளவியலை எழுதிய வணிகர் ஒருவர், பெயர் தெரியாத பலர் சேர்ந்து வளர்த்த வரைமுறை ஒன்று என இவை இரண்டும் தனித்தனிச் செய்திகள். பயிற்சி விற்பவர்களுக்கு இரண்டையும் இணைத்து ஒரு செல்வந்தரின் இரகசியமாகச் சொல்வது வசதியாக இருந்திருக்கிறது.

ஒரு மெழுகுவர்த்தியை வாசித்தல்

ஜப்பானிய மொழியில் இதற்கு ரோசொக்கு அஷி என்று பெயர். ரோசொக்கு என்றால் மெழுகுவர்த்தி, அஷி என்றால் கால். விலை நடந்துபோன காலடித் தடம் என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு மெழுகுவர்த்தியில் நான்கு விலைகள் அடங்கியுள்ளன: தொடக்க விலை, உச்ச விலை, குறைந்த விலை, முடிவு விலை. ஒரு பங்கு காலையில் 100 ரூபாயில் தொடங்கி, இடையில் 108 வரை ஏறி, 96 வரை இறங்கி, 105இல் முடிந்ததாகக் கொள்வோம். 100க்கும் 105க்கும் இடைப்பட்ட பகுதி தடித்த கட்டமாக வரையப்படும். இது உடல் எனப்படும். உடலுக்கு மேல் 108 வரையும், கீழே 96 வரையும் மெல்லிய கோடுகள் நீளும். இவை நிழல்கள் அல்லது திரிகள். முடிவு விலை தொடக்க விலையைவிட அதிகம் என்பதால் இந்தியச் செயலிகளில் இக்கட்டம் பச்சையாக இருக்கும். குறைந்திருந்தால் சிவப்பு. ஜப்பானிலும் சீனாவிலும் இதற்கு நேர்மாறாக, சிவப்பு ஏற்றத்தைக் குறிப்பது வழக்கம். நிறத்தில் எந்த மந்திரமும் இல்லை என்பதற்கு இதுவே போதும்.

தொடக்க விலையும் முடிவு விலையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் உடல் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். இதற்கு தோஜி என்று பெயர். வாங்குவோரும் விற்போரும் நாள் முழுவதும் இழுத்தும் யாரும் வெல்லவில்லை என்பது அதன் பொருள். சிறிய உடலும் கீழே நீண்ட நிழலும் கொண்டது சுத்தியல் எனப்படும். ஜப்பானியர் இதற்குத் தக்குரி என்றொரு சொல்லும் வைத்துள்ளனர். நீரின் ஆழத்தைத் துழாவிப் பார்ப்பதை அது குறிக்கிறது. விலை கீழே சென்று தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீண்டது என்ற காட்சி அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது.

இவை எல்லாம் நடந்து முடிந்ததைச் சொல்பவை. அதிலும் முழுமை இல்லை. மேற்சொன்ன பங்கு முதலில் 96க்கு விழுந்து, பின்னர் 108க்கு ஏறி, 105இல் நின்றிருக்கலாம். அல்லது முதலில் 108க்கு ஏறி, பிறகு 96க்குச் சரிந்து, கடைசியில் 105க்கு மீண்டிருக்கலாம். முதல் வகையில் வாங்கியவர்களின் கை ஓங்கிய நாள் அது. இரண்டாவது வகையில் பெரிய அச்சம் ஒன்று வந்து அடங்கிய நாள். இரண்டுக்கும் மெழுகுவர்த்தி ஒன்றே. எது நடந்தது என்று அறிய ஐந்து நிமிட வரைபடம் போன்ற நுண்ணிய கால அளவுக்குப் போக வேண்டும்.

கற்போர் அடிக்கடி தடுமாறும் இன்னோர் இடம் அளவுகோல். 100 ரூபாயிலிருந்து 200 ரூபாய்க்கு உயர்வது இருமடங்கு. 1000 ரூபாயிலிருந்து 1100க்கு உயர்வது 10 விழுக்காடு. சாதாரண வரைபடத்தில் இரண்டும் ஒரே உயரமாகத் தெரியும். நீண்டகால வரைபடத்திற்கு மடக்கை அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால் ஒரே விழுக்காடு எங்கும் ஒரே உயரமாகக் காட்டப்படும். பழைய பங்குகளின் வரைபடம் கடைசியில் செங்குத்தாக வானேறுவதுபோல் தெரிவதற்குப் பல வேளைகளில் இந்த அளவுகோலே காரணம்.

டிக்கர் நாடாவும் சார்லஸ் டோவும்

எண்களைக் கோடாக வரையும் பழக்கம் மேற்கில் தனியாகத் தோன்றியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நிலப்படமில்லாத அட்லஸ் ஒன்றில், இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் காலவரிசைக் கோடுகளாக வரைந்தார். பிற்காலத்தில் கோதுமை விலையையும் கூலியையும் ஒரே படத்தில் காட்டினார். ஆனால் அவை ஆண்டுக்கணக்கான எண்கள். நொடிதோறும் மாறும் விலையை வரைவதற்கு அந்த விலை முதலில் வந்து சேர வேண்டும்.

அது வந்து சேர்ந்தது 1867இல். எட்வர்டு காலஹன் என்பவர் உருவாக்கிய டிக்கர் இயந்திரம், நியூயார்க் சந்தையில் நடக்கும் ஒவ்வொரு வணிகத்தின் விலையையும் தந்தி வழியே தொலைவில் உள்ள அலுவலகங்களில் காகித நாடாவில் அச்சிட்டது. தாமஸ் எடிசன் சில ஆண்டுகளில் அதை மேம்படுத்தினார். தரகு அலுவலகங்களில் ஒருவர் நாடாவைப் படிக்க, சிறுவர்கள் கரும்பலகையில் விலைகளை எழுதினர். அப்படிப் பலகை எழுதும் சிறுவனாக பாஸ்டனில் வேலைக்குச் சேர்ந்தவர்தான் பின்னாளில் பெரும் ஊக வணிகராகப் புகழ்பெற்ற ஜெஸ்ஸி லிவர்மோர். அவர் 1907, 1929 ஆகிய இரண்டு சரிவுகளிலும் விற்றுப் பெரும்பணம் ஈட்டினார். 1934இல் திவாலானார். நாடா வாசிப்பில் அவரை மிஞ்சியவர் இல்லை என்று இன்றும் சொல்வோர் உண்டு. அந்தத் திவால் மட்டும் பாடங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

டிக்கர் நாடா பரவிய அதே காலத்தில் பக்கெட் ஷாப் எனப்பட்ட போலிக் கடைகளும் பரவின. வாடிக்கையாளர் பங்கு வாங்கியதாக நினைப்பார். உண்மையில் எந்தப் பங்கும் சந்தையில் வாங்கப்பட்டிருக்காது. நாடாவில் ஓடும் விலையின்மீது கடைக்காரரிடம் பந்தயம் கட்டியது மட்டுமே நடந்திருக்கும். இந்தியாவில் டப்பா டிரேடிங் என்ற பெயரில் சட்டத்துக்குப் புறம்பாக நடப்பதும் இதுவே.

சார்லஸ் டோ 1851இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த பத்திரிகையாளர். எட்வர்டு ஜோன்ஸ், சார்லஸ் பெர்க்ஸ்ட்ரெஸர் ஆகியோருடன் சேர்ந்து 1882இல் டோ ஜோன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தனித்தனிப் பங்குகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துச் சந்தை எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாமல் இருந்த காலம் அது. 1884 ஜூலையில் அவர் 11 பங்குகளின் சராசரியை வெளியிட்டார். அவற்றுள் 9 இரயில் நிறுவனங்கள். 1889இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் பிறந்தது. 1896 மே 26 அன்று 12 தொழில் நிறுவனங்களைக் கொண்ட சராசரி வெளியானது. பன்னிரண்டின் விலைகளையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்ததில் கிடைத்த எண் 40.94. உலகம் இன்றும் நாள்தோறும் கேட்கும் டோ ஜோன்ஸ் குறியீட்டெண்ணின் தொடக்கம் இந்த எளிய வகுத்தல் கணக்கு.

டோ தம் தலையங்கங்களில் சந்தையைக் கடலோடு ஒப்பிட்டார். கடற்கரையில் அலை எட்டிய இடங்களில் குச்சிகளை நட்டுக்கொண்டே வந்தால், ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்பது தெரிந்துவிடும் என்றார். ஓதம் போன்ற நீண்ட போக்கு, அலை போன்ற இடைக்காலப் போக்கு, சிற்றலை போன்ற அன்றாட அசைவு என மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். புதிதாகக் கற்போர் ஒரு நாள் அசைவைப் பார்த்து ஓதம் திரும்பிவிட்டது என்று முடிவெடுப்பதே இந்த உவமை சுட்டும் பிழை.

டோ 1902இல் மறைந்தார். டோ கோட்பாடு என்ற பெயரில் அவர் எந்த நூலும் எழுதவில்லை. அவருடைய தலையங்கங்களைத் தொகுத்த எஸ். ஏ. நெல்சன் அப்பெயரை வழங்கினார். அவர் வழியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஆசிரியரான வில்லியம் பீட்டர் ஹாமில்டன் அதை முன்னறிவிப்புக் கருவியாக வளர்த்தெடுத்தார். 1929 அக்டோபர் 25 அன்று, பெருஞ்சரிவின் நடுவே, ஓதம் திரும்பிவிட்டது என்ற பொருளில் அவர் எழுதிய தலையங்கம் அவருக்கு நீங்காப் புகழைத் தந்தது. சில வாரங்களில் அவரும் மறைந்தார்.

சோதனைக்கு வந்த கோட்பாடு

ஆல்ஃபிரட் கவுல்ஸ் பத்திரிகை உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். காசநோய் காரணமாகக் கொலராடோவில் தங்கியிருந்த அவர், குடும்ப முதலீடுகளைக் கவனிக்கப் பல முன்னறிவிப்பு இதழ்களுக்குச் சந்தா கட்டி வந்தார். 1929 சரிவை அவை உருப்படியாக முன்கூட்டிச் சொல்லவில்லை. கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்பதுபோல் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். துளை அட்டை இயந்திரங்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான பரிந்துரைகளைச் சரிபார்த்து, 1933இல் கட்டுரையாக வெளியிட்டார்.

அதில் ஹாமில்டனும் இடம்பெற்றார். 1904 முதல் 1929 வரை அவர் எழுதிய தலையங்கங்களின்படி ஒருவர் வாங்கியும் விற்றும் வந்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு ஈட்டியிருப்பார். எதுவும் செய்யாமல் முன்னணிப் பங்குகளை வாங்கி அப்படியே வைத்திருந்தவருக்கு ஏறத்தாழ 15.5 விழுக்காடு கிடைத்திருக்கும். போக்கு மாறுகிறது என்று ஹாமில்டன் சொன்ன 90 வேளைகளில் 45 பலித்தன, 45 பொய்த்தன. நாணயத்தைச் சுண்டினாலும் இதுவே கிடைக்கும். கவுல்ஸ் இன்னொரு வேலையும் செய்தார். சீட்டுகளைக் குலுக்கி எடுத்துக் கற்பனை முன்னறிவிப்பாளர்களை உருவாக்கினார். உண்மையான வல்லுநர்களில் சிறந்தவர், குலுக்கலில் வந்தவர்களில் சிறந்தவரைவிட மேலாக இல்லை.

1953இல் இலண்டனில் மாரிஸ் கெண்டல் என்ற புள்ளியியலாளர் பங்குகள், சிகாகோ கோதுமை, நியூயார்க் பருத்தி ஆகியவற்றின் பழைய விலைகளை ஆராய்ந்து, ஒரு வாரத்து மாற்றத்திலிருந்து அடுத்த வாரத்து மாற்றத்தைக் கணிக்க உதவும் ஒழுங்கு எதையும் பெரிதாகக் காண முடியவில்லை என்றார். 1959இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி ராபர்ட்ஸ் செய்த சோதனை மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கத் தக்கது. தற்போக்கு எண் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து, வாராந்திர விலை மாற்றங்களாக அவற்றைக் கூட்டி வரைந்தார். வந்த படம் உண்மையான பங்கு வரைபடத்தைப் போலவே இருந்தது. தலையும் தோளும் போன்ற புகழ்பெற்ற வடிவம்கூட அதில் தெரிந்தது. யாரும் வாங்காத, யாரும் விற்காத ஒன்றில் அந்த வடிவம் எப்படி வந்தது? மேகத்தில் யானையைப் பார்க்கும் கண் வரைபடத்திலும் யானையைப் பார்க்கும் என்பதே விடை.

இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. 1998இல் மூன்று நிதியியல் ஆய்வாளர்கள் ஹாமில்டனின் தலையங்கங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தனர். சந்தையிலிருந்து விலகியிருந்த காலங்களில் அவர் தவிர்த்த ஆபத்தையும் கணக்கில் சேர்த்தால், அவருடைய செயல்பாடு கவுல்ஸ் சொன்ன அளவுக்கு மோசமில்லை என்றனர். 2000இல் ஆண்ட்ரூ லோவும் உடன் ஆய்வாளர்களும் 1962 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்கு விலைகளில் பத்து வடிவங்களைக் கணினியால் தேடினர். அவற்றுள் சில, ஓரளவு தகவலைத் தருகின்றன என்பது அவர்கள் முடிவு. அதைக் கொண்டு இலாபம் ஈட்ட முடியும் என்று அதற்குப் பொருளில்லை என்றும் அவர்களே எழுதினர். தரகும் வரியும் போக மிஞ்சுமா என்பது வேறு கேள்வி.

வரைபடத்தில் காணும் சில நிலைகளுக்கு மனிதக் காரணம் இருப்பதை மறுக்கவும் முடியாது. 120 ரூபாயில் வாங்கி, விலை 90க்கு விழுந்ததால் மாட்டிக்கொண்டவர்கள் பலர் இருந்தால், விலை மீண்டும் 120ஐ நெருங்கும்போது போட்ட பணம் வந்தால் போதும் என்று விற்பார்கள். ஏற்றம் அங்கே தட்டுப்படும். இதைத் தடை நிலை என்பர். இதற்கு எதிர்ப்புறத்தில், முன்பு வாங்கத் தவறியவர்கள் காத்திருக்கும் விலை ஆதரவு நிலை. இராபர்ட் எட்வர்ட்ஸும் ஜான் மகீயும் 1948இல் எழுதிய நூல் இவற்றை முறைப்படுத்தியது. இந்நிலைகள் உடையும்போது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை அந்நூல் வலியுறுத்தியது. வரைபடத்தின் அடியில் நிற்கும் குட்டைத் தூண்கள் அந்த எண்ணிக்கையையே காட்டுகின்றன.

இந்தியாவில்

பம்பாயில் 1850களில் தரகர்கள் நகர மண்டபத்தின் எதிரே இருந்த ஆலமரத்தடியில் கூடினர். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றது. இந்தியப் பருத்தி விலை உயர்ந்து, பம்பாயில் பணம் குவிந்தது. வங்கிகளும் கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களும் நாளுக்கொன்றாக முளைத்தன. பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகரின் சொல்லுக்கு நகரமே ஆடியது. 1865 ஏப்ரலில் போர் முடிந்த செய்தி வந்ததும் பருத்தி விலை சரிந்தது. முன்பேர ஒப்பந்தங்களைத் தீர்க்க வேண்டிய நாள் 1865 ஜூலை 1. அன்று பெரும்பாலோரால் பணம் கட்ட முடியவில்லை. பம்பாய் வங்கியும் பின்னர் வீழ்ந்தது. பங்கு விலையைத் தீர்மானித்த செய்தி பம்பாயில் இல்லை, கடல் கடந்த ஒரு போர்க்களத்தில் இருந்தது. எந்த வரைபடமும் அதைக் காட்டியிருக்காது.

எஞ்சிய தரகர்கள் 1875இல் சங்கமாக அமைந்தனர். அதுவே மும்பை பங்குச்சந்தை. சென்னையில் 1920இல் தொடங்கிய சந்தை நலிந்து, 1937இல் மீண்டும் அமைக்கப்பட்டது. நெடுங்காலம் இச்சந்தைகளில் வணிகம் கூக்குரலாலும் கையசைவாலும் நடந்தது. வெளியூர் முதலீட்டாளருக்கு மறுநாள் நாளிதழில் வரும் முடிவு விலைதான் தெரியும். வரைபடம் வேண்டியவர் கட்டத்தாளில் பென்சிலால் தாமே வரைந்துகொள்ள வேண்டும். 1978-79ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட சென்செக்ஸ் குறியீட்டெண் 1986இல்தான் வந்தது.

1994 நவம்பரில் தேசிய பங்குச்சந்தை கணினித் திரை வழியே பங்கு வணிகத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மும்பை சந்தையும் திரைக்கு மாறியது. 1996இல் பங்குப் பத்திரங்களை மின்னணுக் கணக்கில் வைக்கும் டீமேட் முறை வந்தது. எந்த ஊரிலிருந்தும் ஒரே விலையில் வாங்கலாம் என்றானபின் வட்டாரச் சந்தைகளுக்கு வேலை இல்லாமல் போனது. சென்னைச் சந்தை 2015இல் செபியின் ஆணைப்படி வெளியேறியது.

இன்று தொடக்க விலை காலை 9.00 முதல் 9.15 வரையிலான முன்தொடக்க அமர்வில், குவியும் கோரிக்கைகளைப் பொருத்திக் கண்டறியப்படுகிறது. முடிவு விலையோ, நெடுங்காலமாக இருந்துவரும் முறைப்படி, கடைசியாக நடந்த ஒரு வணிகத்தின் விலை அன்று. கடைசி அரைமணி நேரத்தில் நடந்த வணிகங்களின் எடையிட்ட சராசரி அது. கடைசி நொடியில் ஒருவர் பெரிய விலை வைத்து முடிவு விலையைத் திருகிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. 3.30க்குச் செயலியில் கண்ட விலையும் சிறிது நேரம் கழித்து அறிவிக்கப்படும் முடிவு விலையும் வேறுபடுவது ஏன் என்று கேட்கும் புதியவர்களுக்கான விடையும் இதுவே.

வரைபடத்தின் விலை

2020 மார்ச்சில் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டின. பொதுமுடக்கக் காலத்தில் வீட்டிலிருந்த இளைஞர்கள் கைப்பேசியில் வரைபடம் பார்க்கத் தொடங்கினர். ஹாமில்டன் காலத்தில் தரகர் அலுவலகத்தில் மட்டும் கிடைத்ததைவிட நுட்பமான வரைபடங்கள் இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நகரும் சராசரி, 1978இல் வெல்ஸ் வைல்டர் வெளியிட்ட ஆர்எஸ்ஐ, பொலிஞ்சர் பட்டைகள் எனப் பத்துக் கருவிகளை ஒரே திரையில் அடுக்கலாம். இவை அனைத்தும் அதே பழைய விலைகளைக் கூட்டியும் கழித்தும் பெறப்பட்டவை. விலையில் இல்லாத புதிய செய்தி அவற்றில் ஏதுமில்லை. ஐந்து கருவிகள் ஒரே திசையைக் காட்டுவதை ஐந்து சாட்சிகளாக எண்ணிக்கொள்வது கற்போர் பலர் செய்யும் தவறு. ஒரே சாட்சி ஐந்து முறை பேசியிருக்கிறது.

இப்படி வந்தவர்களில் பலர் பங்கை வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்கவில்லை. அன்றாட வணிகத்துக்கும், பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களுக்கும் சென்றனர். செபி 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 நிதியாண்டில் இவ்வொப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 89 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். 2024 செப்டம்பரில் வந்த அடுத்த ஆய்வு மூன்று நிதியாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்திருந்தனர். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரே நாளில் பங்கை வாங்கி விற்றவர்களைப் பற்றிய தனி ஆய்வில், 2022-23இல் பத்தில் ஏழு பேருக்கு நட்டம் என்று தெரியவந்தது.

முதல் ஆய்வுக்குப் பின் செபி ஓர் ஆணை பிறப்பித்தது. 2023 ஜூலை 1 முதல், தரகு நிறுவனத்தின் கணக்கில் நுழையும் வாடிக்கையாளர்களுக்குப் பத்தில் ஒன்பது பேர் நட்டமடைந்துள்ளனர் என்ற எச்சரிக்கை காட்டப்பட வேண்டும். படித்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே உள்ளே செல்ல இயலும். பொத்தானை அழுத்தியதும் எச்சரிக்கை மறைந்து, அன்றைய மெழுகுவர்த்திகள் திரைக்கு வருகின்றன.